மூணரை சென்டிமீட்டர் ஆளுங்களுக்கு ஒரு பங்கர்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டாததுக்குக் காரணம் ஆபீஸ்ல ஆணி பிடுங்கினது இல்லை மக்களே. பிளாஸ்டிக். ஏழு மாசமா எங்க வீட்டு சாப்பாட்டு மேஜையில ஒரு ஸ்பிட்ஃபயர் விமானம் ரிப்பேருக்கு நிக்குது. தங்கமணி தட்டை மடியில வெச்சு சாப்பிடப் பழகியாச்சு. நானும்தான் :-)

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. ஸ்கேல் மாடல் செய்யிறது நமக்குப் பொழுதுபோக்கு. லண்டனுக்கு வேலைக்கு வந்த புதுசுல ஹெண்டனில் இருக்கிற விமானப்படை மியூசியத்துக்குப் போனேன் (டிக்கெட் கிடையாது, அதான் முக்கிய காரணம்). அங்கே பக்கத்தில் நின்னு பார்த்ததுதான் ஸ்பிட்ஃபயர். அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம், இன்னும் தெளியலை.

இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் பறக்கிற விமானம், இல்லைன்னா பளபளன்னு நிக்கிற விமானம். இந்த வாட்டி மூடியைக் கழட்டிப் போட்டு, சுத்தி நாலு பேர் வேலை பார்க்கிற மாதிரி செய்யணும்னு ஆசை. காரணம் இருக்கு. ஸ்பிட்ஃபயர்ல உட்கார்றது ஒரே ஒரு விமானி. அவர் பேர் புத்தகத்துல வரும். ஆனா அவர் இறங்கினதும் ஓடி வந்து 85 கேலன் பெட்ரோல் ரொப்புறவங்க, எஞ்சினைப் பார்க்கிற ஃபிட்டர், உடம்பையும் இறக்கையையும் பார்க்கிற ரிக்கர், துப்பாக்கிக்கு ரவை ஏத்துற ஆர்மரர், இவங்க பேரெல்லாம் எங்கேயும் வராது. அவங்களுக்கு ஒரு மேடை போட்டுக் கொடுப்போமேன்னு ஆரம்பிச்சேன்.

களம்: லண்டனுக்குத் தெற்கே பிகின் ஹில் விமானதளம், ஆகஸ்ட் 1940. விமானம்: அப்போ அங்கே இருந்த 610 ஸ்க்வாட்ரனோடது. அளவு 1:48. நிஜத்தில் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர், என் மேஜையில் 23.4 செ.மீ. ஆளுங்க ஒவ்வொருத்தரும் மூணரை செ.மீ.

மெர்லின் எஞ்சின்தான் உயிரை வாங்கினது. 12 சிலிண்டர், ஒண்ணுக்கு ரெண்டு பிளக், ஆக 24 பிளக். பழைய போன் சார்ஜர் ஒயரை உரிச்சா உள்ளே முடி மாதிரி செம்புக் கம்பி இருக்கும். அதை ஒவ்வொண்ணா வெட்டி, இடுக்கியில் பிடிச்சு, மூச்சை அடக்கி ஒட்டணும். தும்மல் வந்தா அன்னைக்கு வேலை காலி. பாதி பிளக் உள்பக்கம் இருக்கு, ஒட்டினாலும் வெளியே தெரியாது. தெரியாதேன்னு விட மனசு வரலை. தரைக்கு ரெண்டு செ.மீ. தடிமன் ஃபோம் அட்டை, மண்ணுக்குக் குடிச்சு முடிச்ச டீத்தூளைக் காய வெச்சுத் தூவினேன். இதுக்காகவே ஒரு மாசம் வீட்டுல ஃபில்டர் காபி தடா.

எல்லாம் முடிஞ்சு ஆளுங்களை ஒட்டுற கட்டத்துல இருந்தப்போதான் எதிர் ஃபிளாட் அண்ணை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கு வந்த பார்சலை வாங்கி வெச்சிருந்தார், கொடுக்க வந்தவர் மேஜையைப் பார்த்து அப்படியே நின்னுட்டார்.

"உது என்ன தம்பி, பொம்மரே?"

"இல்லண்ணே, ஃபைட்டர். குண்டு போடாது. சுடும், அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு அபத்தமா சொல்லியிருக்கோம்னு உறைச்சது. அவர் ஒண்ணும் சொல்லலை. குனிஞ்சு பார்த்தார்.

"உவர் என்ன செய்யிறார்?"

"பிளக் மாத்துறாருண்ணே."

"உவர்?"

இறக்கை மேல ரவைச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கிட்டு நிக்கிற ஆள். நான் ரொம்ப ரசிச்சு பெயிண்ட் அடிச்ச ஆள். "அவர்... துப்பாக்கிக்கு ரவை ஏத்துறார்" என்றேன். எட்டுத் துப்பாக்கி, ஒவ்வொண்ணுக்கும் 300 ரவை, கால் நிமிஷத்துல மொத்தமும் தீர்ந்துடும்னு எல்லாருக்கும் சொல்ற புள்ளிவிவரம் அன்னைக்கு வாயில் வரலை.

அண்ணை கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசினார். "தொண்ணூறிலை நாங்கள் கீழயிருந்துதான் பாத்தனாங்கள் தம்பி. சத்தம் கேட்டா ஓட வேண்டியதுதான். மேல வர முதல் ஆரோ உதைத் துடைச்சு, எண்ணெய் விட்டு, கவனமா அனுப்பியிருப்பினம் எண்டு நான் ஒருநாளும் யோசிக்கேல்லை."

எனக்குப் பதில் தெரியலை. தங்கமணி டீ கொண்டு வந்து வெச்சாங்க. மேடை போட்டுக் கொடுக்கிறேன்னு நான் பெருமையா நினைச்ச அதே ஆளுங்களை இவர் வேற பக்கத்துல இருந்து பார்க்கிறார். ரெண்டும் நிஜம்தானே? மொத்தத்தையும் அட்டைப்பெட்டியில் போட்டு மூடிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணிச்சு.

அப்போ அவர் கேட்டார். "சரி, உவையின்ரை பங்கர் எங்க?"

"பங்கரா?"

"உவைக்கும் மேலால வந்து அடிச்சிருப்பாங்கள்தானே. எங்க ஓடுறது?"

மக்களே, ஏழு மாசம் படிச்சவன் நான். வெளியே தெரியாத பிளக்குக்குக்கூட ஒயர் இழுத்தவன். 1940 ஆகஸ்ட் 30-ம் தேதி ஜெர்மன் விமானங்கள் பிகின் ஹில்லில் குண்டு போட்டு 39 பேர் செத்தாங்கன்னு தெரியும். ஆளுங்க ஒளிஞ்சிருந்த ஒரு பதுங்குகுழி மேலேயே நேரா குண்டு விழுந்ததும் தெரியும். ஆனா என் விமானதளத்தில் ஒரு பங்கர்கூட இல்லை!

அடுத்த சனிக்கிழமை அண்ணை வந்து உட்கார்ந்துட்டார். நான் கத்தியை எடுத்து விமானத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கோடு போட்டேன்.

"அங்க வேண்டாம். பிளேனுக்குத்தானே அடிப்பாங்கள். தள்ளி வெட்டும்."

தள்ளி, மூலையில் ஆரம்பிச்சேன்.

"நேரா வெட்டாதையும். 'ட' மாதிரி வெட்டும். பீஸ் நேராத்தான் பறக்கும், வளையாது. ஒரு பக்கத்திலை விழுந்தாலும் மற்றப் பக்கத்திலை இருக்கிறவை தப்பலாம்."

நெஞ்சளவு ஆழமாவது வேணும்னார். என் ஃபோம் அட்டையில் அவ்வளவு ஆழம் வராது, அதனால அடியில் இன்னொரு அட்டை ஒட்டினேன். வெட்டின மண்ணை ஓரத்தில் மேடு கட்டினோம் (மறுபடி டீத்தூள்). மேலே பனங்குத்தி அடுக்கணும்னார். அண்ணே, இந்த ஊர்ல பனைக்கு எங்க போறதுன்னேன். சிரிச்சுட்டார். அவர் சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன்.

பெயிண்ட் காய்ஞ்சதும் ஆளுங்களை ஒட்டப் போனேன். "பொறும்"னு தடுத்தார். ஃபிட்டர், ரிக்கர், ஆர்மரர், பெட்ரோல் ஆள், உதவிக்கு ஒரு பையன், அஞ்சு பேரையும் எடுத்து ஒவ்வொருத்தரா பங்கருக்குள்ள இறக்கிப் பார்த்தார். நாலு பேர்தான் கொண்டாங்க. அந்த ரவைக்காரர் வெளியே நின்னார்.

"இன்னும் கொஞ்சம் வெட்டும் தம்பி" என்றார்.

ஒரு சென்டிமீட்டர் நீட்டினேன். அஞ்சு பேரும் கொண்டாங்க. அப்புறம்தான் அவங்கவங்க இடத்துல ஒட்டினேன்.

டிஸ்கி: மேஜை காலியாகிடுச்சு. விமானதளம் இப்போ டிவிக்கு மேலே. வர்றவங்க எல்லாம் எஞ்சினைப் பார்த்து வாயைப் பிளக்கிறாங்க. மூலையில் இருக்கிற 'ட' வடிவப் பள்ளத்தை இதுவரைக்கும் யாரும் என்னன்னு கேட்கலை. நீங்க வந்தா கேளுங்க.