சாப்பாட்டுக் கணக்கு

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து, "என்ன, இப்படி இளைத்துப்போய்விட்டீர்கள்?" என்று கேட்பது ஒரு காலத்தில் துக்கம் விசாரிப்பதற்குச் சமானம். கேட்கிறவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். கேட்கப்பட்டவர் காய்ச்சலையோ கடனையோ காரணமாகச் சொல்லுவார். இன்றைக்கு அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடுகிறது. "அப்படியா தெரிகிறது? நாலு கிலோதான் குறைந்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கைப்பேசியை எடுத்துக் கலோரிக் கணக்கைக் காட்டுகிறார்கள். காலையில் மூன்று இட்லி, இத்தனை. பத்து மணிக்கு ஒரு காப்பி, இத்தனை. சாயங்காலம் அரை வடை, இத்தனை. பழைய பலசரக்குக் கடைச் செட்டியார்கூட இவ்வளவு சுத்தமாகக் கணக்கு எழுதியிருக்க மாட்டார்.

இதைப் பரிகாசம் செய்வது சுலபம். ஆனால் எனக்கு மனம் வரவில்லை. தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கணக்கைப் பார்க்கிறவனுக்கு, அதில் ஊரின் சரித்திரமே கொஞ்சம் தெரிகிறது.

கலோரி என்பது உஷ்ணத்தின் அளவு. ஒரு கிலோ தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்துவதற்கு எவ்வளவு உஷ்ணம் வேண்டுமோ அதுதான் சாப்பாட்டுக் கணக்கில் ஒரு கலோரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் அட்வாட்டர் என்ற ரசாயன நிபுணர், மனிதர்களை ஓர் அறைக்குள் நாள்கணக்கில் இருக்கச் செய்து, அவர்கள் தின்றதையும் அவர்கள் உடம்பு வெளியிட்ட உஷ்ணத்தையும் அளந்து பார்த்தார். மாவுச்சத்துக்குக் கிராமுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்ற வாய்ப்பாடு இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. 1918-இல் லூலூ ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் டாக்டர், கலோரியை எண்ணிச் சாப்பிட்டு உடம்பைக் குறைப்பது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்கச் சீமாட்டிகள் அதை ஓடி ஓடி வாங்கினார்கள்.

அதே 1918-இல் நம் நீலகிரியில், குன்னூர்ப் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தின் ஒற்றை அறையில், ராபர்ட் மக்காரிசன் என்பவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். பெரிபெரி, தீட்டிய அரிசியையே நம்பி உயிர் வாழ்கிறவர்களுக்குச் சத்துக் குறைவால் வருகிற வியாதி. பின்னால் அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவராக வந்த அய்க்ராய்ட், 1937-இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். ஜனங்களுக்குப் போதுமான ஆகாரத்தைத் திட்டமிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போயிற்று. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று நாம் சொல்வது அதைத்தான்.

ஆக, நம் மண்ணில் இந்தக் கணக்கு, "வயிற்றுக்குப் போதுமா?" என்று கேட்பதற்காகப் பிறந்தது. இன்று அது, "அதிகமாகிவிட்டதா?" என்று கேட்கிறது. நடுவே என்ன நடந்தது என்பதற்கு என் பெரியப்பாவின் தட்டே சாட்சி.

1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆவதற்கு முன்பெல்லாம், பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். கப்பலில் வந்ததையும் அப்படியே இறக்க வேண்டும். பெரியப்பா அந்த நாளில் இருபது வயசுப் பையன். மூட்டை தூக்கினார். விடியற்காலையில் ஒரு சட்டிப் பழைய சோறும் சுட்ட கருவாடும். மத்தியானம் மலைபோல் சோறும் தேங்காய் அரைத்த மீன் குழம்பும். ராத்திரிக்கு மறுபடி சோறு. அத்தனையும் சாப்பிட்டும் அவர் உடம்பில் ஒரு பிடி சதை உபரி கிடையாது.

2020-இல் வெளியான அரசாங்க ஆராய்ச்சி அறிக்கையில், கடினமான உடலுழைப்பு உள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு 3,470 கலோரி வேண்டும் என்று கண்டிருக்கிறது. உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு 2,110 போதும். வித்தியாசம் 1,360. அரிசியாகப் பார்த்தால் ஏறக்குறைய 400 கிராம். பிற்பாடு துறைமுகத்தில் கிரேன் வந்தது. 1990களின் கடைசியில் கன்டெய்னர் முனையம் வந்தது. இரும்புக் கை மூட்டையைத் தூக்கியபோது, அந்த 400 கிராம் அரிசியின் மேல் பெரியப்பாவுக்கு இருந்த பாத்தியதையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இந்தச் சமாசாரத்தை அவருடைய நாக்குக்கும் சொல்லவில்லை, பெரியம்மாவின் அகப்பைக்கும் சொல்லவில்லை. வேலை மாறிற்று, சோறு மாறவில்லை. அறுபது வயசில் சர்க்கரை வியாதி வந்து அவருக்கு அதைத் தெரிவித்தது.

அவர் ஒருவரை மட்டும் சொல்லுவானேன்? ஊரே அப்படித்தான் இருக்கிறது. இங்கே 'நைட் கிளப்' என்று பலகை தொங்கினால் வெளியூர்க்காரர்கள் மிரள வேண்டாம். அது பரோட்டாக் கடை. எண்ணெயில் மிதந்து பொரிந்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினால், உழைத்துக் களைத்தவனுக்கு அது அமிர்தம். நாற்காலியில் உட்கார்ந்து களைத்தவனுக்கும் அமிர்தமாகத்தான் இருக்கிறது, சங்கடமே அங்கேதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. கடற்கரைச் சாலையில் வியர்க்க வியர்க்க ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 250 கலோரி செலவாகும். அதாவது இரண்டு கரண்டி எண்ணெய்!

மக்ரூன் கதை இன்னும் விசேஷம். முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு, இந்த மூன்றுதான் சரக்கு. போர்த்துக்கீசியர் வழியாக வந்த பண்டம் என்பார்கள். அங்கே வாதுமை, இங்கே முந்திரி. கையில் எடுத்தால் பஞ்சு. வாயில் போட்டால் காணோம். ஆனால் 100 கிராம் சர்க்கரைக்கு 400 கலோரி, 100 கிராம் முந்திரிக்குக் கிட்டத்தட்ட 600. வாயில் கரைந்து மறைந்தது இடுப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் கணக்கு எழுதுவது நல்லதே. கண்ணும் கையும் ஏமாறும்போது காகிதம் ஏமாறாது.

ஆனால் பட்டியலின் அடுத்த பக்கத்தையும் பார்க்கவேண்டும். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் உப்பளம். சூரியன் ஏறுமுன்பே பாத்தியில் இறங்கி உப்பை வாருகிறார்கள். பாதிப் பேர் பெண்கள். கடும் உழைப்புள்ள பெண்ணுக்கு 2,720 கலோரி என்று அதே அறிக்கை சொல்லுகிறது. அவர்கள் தூக்குச் சட்டியைத் திறக்கும்போது, 1937-ஆம் வருஷத்துக் கேள்விதான் இன்றும் பொருத்தம்: போதுமா? ஒரே ஊரில், சில மைல் இடைவெளியில், இரண்டு கேள்வியும் உயிரோடு இருக்கின்றன. கைப்பேசிக் கணக்கில் கலோரியைக் குறைத்துப் பெருமைப்படுகிறவர்கள், இது குறைப்பதற்காக மட்டும் உண்டான கணக்கு இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

இந்தக் கணக்குக்கு அகப்படாத ஒரு பேர்வழியும் உண்டு. எங்கள் பெரியம்மாவைத்தான் சொல்லுகிறேன். பெரியப்பாவுக்கு நோட்டுப் போட்டு, மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு, இரவு இரண்டு சப்பாத்தி என்று எழுதி வைத்தோம். அவர் எடை குறைந்தது. பெரியம்மா எடை ஏறிற்று. முழங்கால் வலியில் மாடிப்படி ஏற முடியவில்லை. டாக்டர், "சாப்பாட்டைக் குறையுங்கள், அம்மா" என்றார். வெளியே வந்ததும் பெரியம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும்.

"நான் எங்கய்யா உக்காந்து சாப்பிடுதேன்? சட்டியில மிச்சம் கெடக்கதை வழிச்சுப் போடுதேன். அதுக்கெல்லாமா கணக்கு?"

பொய் இல்லை. ஐம்பது வருஷமாக அவள் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. கணவன் வைத்த மீதி, பேரப்பிள்ளை ஒதுக்கிய பாதித் தோசை, குழம்புச் சட்டியின் அடியில் நின்ற எண்ணெய், வீணாகக்கூடாது என்று போட்டுக்கொண்ட நாலு வாய். இதற்குக் கிண்ணமும் கிடையாது, கிராமும் கிடையாது. பெரியப்பாவின் தட்டில் குறைந்த சோறு உலையில் குறையவில்லை. அவள் வயிற்றுக்குப் போயிற்று.

நோட்டில் அவளுக்கும் ஒரு பக்கம் போடலாமா என்று யோசித்தோம். நின்றுகொண்டே விழுங்குவதை எப்படி எழுதுவது? கடைசியில் பெரியப்பாவே வழி சொன்னார். "ஏட்டி, உலையில நாழி அரிசியக் கொறச்சுப் போடு. எனக்கு வைக்கும்போதே உனக்கும் ஒரு தட்ட வை" என்றார். முதல் நாள் புருஷனுக்கு எதிரே உட்காரக் கூச்சப்பட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டே சாப்பிட்டாள். நோட்டின் அடுத்த பக்கத்தில் என் தங்கை பெரியம்மாவின் பெயரை எழுதி, கீழே முதல் வரியைப் பதித்தாள்: மத்தியானம், ஒரு கிண்ணம் சோறு, சாளை மீன் இரண்டு துண்டு, உட்கார்ந்து.