ஏரா பார்த்து விலை பேசுதல்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவருக்குப் பாய் விரித்து ஓடும் மரக்கலம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. மீன் பிடிப்பதோ சரக்கேற்றுவதோ அவர் நோக்கமன்று, காற்றை நம்பிக் கடலுக்குள் போய்த் திரும்பினால் அதுவே தமக்குப் போதும் என்பார். தூத்துக்குடிக்கு வடக்கே கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் முப்பதடி நீளமுள்ள பழைய வள்ளம் விலைக்கு வந்திருப்பதாகத் தகவல் கிடைத்தது. மரமறிந்தவர் ஒருவர் உடன் வராமல் இத்தகைய பொருளுக்கு விலை பேசுவது உசிதமன்று என்று பலரும் எச்சரித்ததன்பேரில், இளமை முதல் படகுத் தச்சையே ஜீவனமாகக் கொண்ட முதிய ஓடாவி ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனோம்.

புதிதாக நீலமும் சிவப்பும் பூசப்பெற்று மணலில் சாய்ந்திருந்த வள்ளத்தைக் கண்டதும் நண்பரின் முகம் மலர்ந்துவிட்டது. ஓடாவியோ அதனருகில் செல்லவே இல்லை. இருபதடி தள்ளி, அணியத்துக்கு நேர் எதிரே குந்தியமர்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து மறுபடியும் பார்த்தார்.

"பெயிண்டப் பாத்து மயங்கிராதீய அண்ணாச்சி. ஏரா நேரா இருக்கான்னு பாத்துட்டு விலையப் பேசுங்க" என்றார்.

நடுப்பாகம் அகன்று இரு தலைகளும் ஒடுங்கிய கலத்தில், தண்ணீர் நடுவைத் தாங்கும் அளவுக்கு முனைகளைத் தாங்குவதில்லை. ஆகவே ஆண்டுகள் செல்லச் செல்ல முனைகள் இரண்டும் தம் பாரத்தினாலேயே தாழ்ந்து, அடிமரமாகிய ஏரா நடுவில் மேல்நோக்கி வளைந்துவிடுகிறது. பலகையை மாற்றலாம், பாயை மாற்றலாம். வளைந்த ஏராவை நிமிர்த்துவதென்பது அநேகமாகக் கலத்தையே பிரித்துக் கட்டுவதற்குச் சமானம். நல்லவேளையாக இதன் ஏரா பழுதில்லை என்று தீர்ப்பாயிற்று.

அதன் பின்னரே கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு அருகில் சென்று, ஒவ்வொரு பலகையாகத் தட்டத் தொடங்கினார். திடமான மரம் கணீரென்றது. உளுத்த இடம் மந்தமாக ஒலித்தது. உப்புநீரில் ஊறும் அடிப்பலகைதான் முதலில் கெடும் என்று எண்ணியிருந்த எனக்கு, விஷயம் பெரும்பாலும் நேர்மாறானது என்பது ஆச்சரியமாக இருந்தது. மரத்தை உளுக்கச் செய்யும் காளானுக்கு உப்பு ஆகாது. மழைநீரோ அதற்கு அமிர்தம். ஆதலால் தண்ணீர் தேங்கி நிற்கும் மேல்விளிம்பும், காற்றோட்டமில்லாத அணியத்தின் உள்மூலையுமே முதலில் போகின்றன. அம்மூலையில் அவர் உளியின் நுனியை வைத்து லேசாக அழுத்த, அது தடையின்றி இரண்டு அங்குலம் உள்ளே சென்றது. வெளியே எடுத்தபோது உளியோடு வந்த மரம் ஈரப் புகையிலைத் துகள் போல உதிர்ந்தது.

கடலுக்குள் மரத்தைத் தின்பது வேறு ஜீவன். கப்பல்புழு என்று பெயர் பெற்றிருந்தாலும் அது சிப்பியினத்தைச் சேர்ந்தது. ஊசிமுனையளவு துவாரத்தில் புகுந்து, உள்ளே விரல் பருமனுக்கு வளர்ந்து, தான் குடைந்த வழியெங்கும் சுண்ணாம்பு பூசிக்கொண்டே போகும். அவ்வப்போது கரையேற்றிக் காயவிடப்பட்டதனால் இவ்வள்ளம் அதற்குத் தப்பியிருந்தது. இரும்பாணிகளைச் சுற்றி மட்டும் மரம் கறுத்துப்போயிருந்தது. துரு ஆணியோடு நிற்பதில்லை, மரத்தையும் சேர்த்தே அரிக்கிறது.

உள்ளே இறங்கி விலா எலும்புகளாகிய வங்குகளைச் சோதித்தபோது நான்கு முறிந்திருக்கக் கண்டோம். நண்பர் நல்ல தேக்குப் பலகையை வளைவாக அறுத்துப் போட்டால் ஆகாதா என்று கேட்டார். ஓடாவி பதில் சொல்லாமல், பழைய வங்கு ஒன்றின் மேல் கட்டைவிரலை வைத்து, ரேகை எப்படி வளைவோடு வளைந்து ஓடுகிறது என்று காட்டினார். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு, முதல் பெரிய அலைக்கே அவ்விடத்தில் முறியும். இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த கருவேலங்கிளையைத் தேடிப் பிடித்து, வாய்ச்சியால் செதுக்கி இழைப்பதே முறை. இதற்கென்று காகிதத்தில் வரைந்த படம் எதுவும் அவரிடத்தில் கிடையாது. என் அபிப்பிராயத்தில், அவர் கேட்ட கூலி அந்தக் கண்ணுக்கே போதாது.

இந்தத் தச்சின் பெருமைக்கு அத்தாட்சி வேண்டுவோர், பாக்ஜலசந்திக்கு அப்பால் வல்வெட்டித்துறையில் 1930-இல் கட்டப்பெற்ற அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலை நினைத்துக்கொள்ளலாம். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கிப் பெயரை மாற்றிய அக்கப்பல், ஈழத் தமிழ் மாலுமிகளால் செலுத்தப்பெற்று, 1938-இல் மாசாசூசெட்ஸ் கரையிலுள்ள குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

விற்பவர் மரத்தின் எடைக்கு விலை சொன்னார்; நண்பர் ஆசையின் அளவுக்குக் கொடுக்கச் சித்தமாக இருந்தார்; ஓடாவி இருவரையும் விலக்கி, முறிந்த வங்கு நான்கு, மாற்ற வேண்டிய பலகை ஆறு, ஆணி முழுவதும், பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசும் கலப்பற்று வேலை என்று கணக்கிட்டபோது, பழுது பார்க்கும் செலவு வள்ளத்தின் விலையைத் தாண்டிற்று. இவ்வேலைக்கு இன்னும் இரண்டு ஆட்கள் வேண்டுமே என்று விசாரித்தேன். பையன்கள் எல்லாரும் பைபர் படகு ஒட்டும் பட்டறைக்குப் போய்விட்டார்கள், அங்கே தினக்கூலி தவறாமல் கிடைக்கிறது என்றார், குறைகூறும் தொனி சிறிதுமின்றி.

விலை படிந்ததும் நண்பர் முன்பணத்தை எண்ணி நீட்டினார். ஓடாவி வாங்கவில்லை.

"ரூவாய உள்ள வைங்க அண்ணாச்சி. மொதல்ல கருவேல மரத்தப் பாப்போம். கொம்பு கிடைச்சாத்தான் வேலை."

மறுநாள் காலை ஒரு குளத்தங்கரைக்கு வருவதாக நண்பர் ஒப்புக்கொண்டார். எனக்கு ஊர் திரும்ப வேண்டியிருந்தது.