செரீனாவின் கணக்கும் என் வீட்டுக்காரரின் கணக்கும்

டென்னிஸ் ராணி செரீனா வில்லியம்ஸ் 2022-ல் ஆட்டத்தை விட்டுவிட்டார். என் வீட்டுக்காரர்தான் இன்னும் அவர் கணக்கை விடவில்லை. ஒற்றையரில் 858 வெற்றி, 73 பட்டம், அதில் 23 கிராண்ட் ஸ்லாம், 319 வாரம் முதலிடம் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். கடைசியில் ஓர் 'ஆனா' வரும்.

"ஆனா, குழந்தை பிறந்தப்புறம் நாலு ஃபைனல் ஆடி நாலிலும் தோத்துட்டாளே! ஒண்ணு ஜெயிச்சிருந்தாக்கூட மார்கரெட் கோர்ட்டோட 24-ஐப் பிடிச்சிருப்பா."

எனக்குப் பொறுக்காது. இரண்டு பிரசவத்தையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பார்த்த மனுஷர்!

நீங்களே சொல்லுங்கள். 2017 ஜனவரியில், ஆஸ்திரேலியாவில் அந்த 23-வது பட்டத்தை வாங்கும்போதே அவர் இரண்டு மாத கர்ப்பிணி. ஒரு செட் கூட விடவில்லை. நமக்கோ அந்த மாதத்தில் தாளிக்கிற வாசனை பட்டாலே குமட்டும்! செப்டம்பர் 1-ல் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை. மறுநாளே மூச்சுத் திணறல். 2011-ல் நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து பிழைத்தவர் என்பதால் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வலி மருந்து மயக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தாராம். செரீனா விடவில்லை. எடுத்துப் பார்த்தால் நுரையீரலில் கட்டிகள்! இருமி இருமித் தையல் பிரிந்து, மறுபடி ஆபரேஷன். வீட்டுக்கு வந்தும் ஆறு வாரம் படுக்கை.

(பிள்ளை பெற்றவளுக்குத் திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, 'வாயுதான்' என்று கஷாயம் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.)

முதலிடத்தில் இருந்தவர், 2018-ல் பாரிஸ் போட்டிக்கு வந்தபோது தரவரிசையில் 450-க்கும் கீழே! பிரசவத்துக்குப் போனவளுக்காகப் பாயிண்ட் காத்திருக்குமா என்ன? அந்த வருஷக் கடைசியில்தான், பிரசவமான பின் மூன்று வருஷம் வரை பழைய தரவரிசையைப் பயன்படுத்தலாம் என்று விதியை மாற்றினார்கள். அதற்குள்ளேயே, குழந்தைக்குப் பத்து மாதம் ஆனபோது, செரீனா விம்பிள்டன் ஃபைனலில் நின்றுவிட்டார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஒரு ஃபைனலுக்கு வர எத்தனை ஆட்டம் ஜெயிக்கணும்?"

"ஆறு."

"நாலு ஃபைனலுக்கு?"

மனுஷர் விரலை மடக்கினார். "இருபத்துநாலு."

"நீங்க தேடற 24 அங்கேதானே இருக்கு!"

பதிலே இல்லை. பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

73-வது பட்டம், 2020 ஜனவரியில் ஆக்லாந்தில் வாங்கியது. கிராண்ட் ஸ்லாம் இல்லை என்று அவர் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. கோப்பையோடு குழந்தையையும் வைத்துக்கொண்டு செரீனா நிற்கிற அந்தப் படம் எங்கள் பீரோ கதவில் இருக்கிறது. ஒட்டியது நான்தான்.