கட்டைவிரல் வேலை

மேலூர்ப் பக்கத்து மீன்பிடித் திருவிழாப் படம் பேப்பரில் வராத கோடை கிடையாது. கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தா, கச்சா, வலை, கொசுவலை, எதுவும் இல்லாதவர் இடுப்பு வேட்டி என்று கையில் கிடைத்ததோடு நூற்றுக்கணக்கான பேர் சேற்றில் பாய்வார்கள். இந்த வருடப் படத்தை வாட்ஸ்அப்பில் நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். பதிலுக்கு அவர் வேறொரு படம் அனுப்பினார். நிறைந்த கண்மாய், ஓரமெல்லாம் அல்லி இலை, கரையில் ஒற்றை ஆள், கையில் ஆறரை அடி ராடு. "வருஷத்துல ஒரு நாள் எறங்குறவங்களப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. இந்தப் பயலப் போய்ப் பாருங்க, தெனமும் நிக்கிறான்" என்று கீழே எழுதியிருந்தார்.

ஐப்பசி அடைமழை ஓய்ந்து, கண்மாய்கள் மறுகால் பாய்ந்த பிறகுதான் போக முடிந்தது. நண்பர் சொன்ன 'பயல்' முப்பது வயதுக்காரர். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். நடுச்சாமத்தில் தொடங்குகிற வேலை காலை பத்துக்குள் முடிந்துவிடும். ஒரு தூக்கம் போட்டுவிட்டு மூன்று மணிக்கு பைக்கை எடுத்தால் இருட்டும் வரை கண்மாய்தான். எந்தக் கண்மாய் என்று எழுதக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அழகர்கோவில் ரோட்டிலிருந்து பிரிய வேண்டும் என்பது வரை சொல்ல அனுமதி உண்டு. "பேரு வந்துச்சுன்னா ஞாயித்துக்கெழம முப்பது ராடு வந்து நிக்கும்ணே. அப்புறம் விராலுக்கும் எடமில்ல, எனக்கும் எடமில்ல."

அவர் தேடுவது விரால் மட்டும். கட்லா, ரோகு, ஜிலேபியெல்லாம் அவருக்கு மீன் கணக்கிலேயே சேராது. ஆனால் அவர் கையிலிருக்கும் ராடும் ரீலும் விராலுக்காக உண்டானவை அல்ல. அமெரிக்க ஏரிகளில் பாஸ் என்றொரு மீன் உண்டு. பாசிக்கும் மரத்தூருக்கும் அடியில் பதுங்கிக் கிடந்து, மேலே எது நீந்தினாலும் வாயைப் பிளந்து பாய்கிற ஜாதி. கரையில் நின்று பொய்யிரை வீசி அதைப் பிடிப்பதற்கென்று அங்கே வளர்ந்த சாமான்கள் இவை. குணத்தில் நம் விரால் அதற்குப் பங்காளி. அதனால் ஜப்பானையும் சீனாவையும் சுற்றிக்கொண்டு சாமான் மதுரைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

விராலுக்கு ஒரு பலவீனம் உண்டு. செவுள் மட்டும் அதற்குப் போதாது. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். கண்மாய் வற்றினாலும் ஈரச் சேற்றில் புதைந்து அடுத்த மழை வரை தாக்குப்பிடிப்பதும் இந்தக் குணத்தால்தான். இலைகளுக்கு நடுவே 'பொளக்' என்று சத்தம் கேட்டால் தம்பி பாதிப் பேச்சில் நிறுத்திவிடுவார். கண் அங்கேயே இருக்கும், கை மட்டும் பையைத் துழாவி ஒரு தவளையை எடுக்கும்.

ரப்பர்த் தவளை. உள்ளே வெற்றிடம், அடிவயிறு வெளுப்பு, முதுகு பச்சை, பின்னங்கால்களுக்குப் பதில் ரப்பர் நார்க் குஞ்சம். இரட்டை முள் முதுகோடு ஒட்டி, நுனி மேலே பார்க்கப் படுத்திருக்கிறது. அதனால் அல்லியிலும் ஆகாயத்தாமரையிலும் இழுத்தாலும் மாட்டாது. விரால் கவ்வும்போதுதான் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். இலை மேல் ஏற்றி, ஒரு நொடி உட்காரவைத்து, சின்ன வெட்டு வெட்டித் தண்ணீரில் இறக்குகிறார். உயிர்த்தவளையைத் தூண்டிலில் கோத்து மூங்கில் கழியால் தட்டித்தட்டி விரால் பிடித்த பெரியவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் உண்டு. அவர்களில் ஒருவர் கரையோடு போகும்போது தவளையை வாங்கி அமுக்கிப் பார்த்து, "குழம்புக்கு ஆகுமாடா இது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீசுவதில்தான் வித்தை. சாதாரண ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் அசையாது, நூல் மட்டும் வளையம் வளையமாகக் கழன்று போகும், பழகாதவரும் வீசிவிடலாம். பெய்ட்காஸ்டிங் ரீல் ராடின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது, வீசினால் ஸ்பூலே சுழல்கிறது. கிளம்பிய வேகத்தில் தவளை போகிற வரை தொந்தரவில்லை. காற்றில் அதன் வேகம் தணியும்போது ஸ்பூல் தணிவதில்லை. தவளை கேட்காத நூலையும் தள்ளிக்கொண்டே இருக்கும். கண் மூடித் திறப்பதற்குள் ரீலுக்குள் நூல் பந்தாகச் சிக்கிக்கொள்ளும். அதற்கு இடம் கொடுக்காமல் ஸ்பூல் மேல் கட்டைவிரலை வைத்திருக்க வேண்டும். "அமுக்காதீங்கண்ணே. தொட்டும் தொடாம இருக்கணும். தவள தண்ணியத் தொடுற நேரத்துக்கு மட்டும் கெட்டியா நிறுத்துங்க." சாயங்காலம் வரை என் விரலுக்கு அந்தத் 'தொட்டும் தொடாம' பிடிபடவில்லை, அவர் ஊசி வைத்துச் சிக்கெடுத்த நேரம்தான் அதிகம். வீசுவதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொன்னார். ராடு நுனியில் தவளையைத் தொங்கவிட்டு ரீலை விடுவித்தால் அது பைய இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்க வேண்டும். முடிச்சு போடுவதைப் பற்றியும் ரொம்ப நேரம் சொன்னார். அது எனக்குத் தலையில் ஏறவில்லை, விட்டுவிடுகிறேன்.

மடைக்குப் பக்கத்தில் தண்ணீர் கொஞ்சம் செம்மண் நிறத்தில் கொதிப்பது போலத் தெரிந்தது. விரால் குஞ்சுகள், ஒரு கூடை அளவுக்கு. ஆரஞ்சுச் சிவப்பில் ஆயிரக்கணக்கில் ஒன்றாக மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டு ஒன்றாக இறங்குகின்றன. தாயோ தகப்பனோ அடியிலேயே இருக்கும். அந்தக் கூட்டத்துக்குக் குறுக்கே தவளையை விட்டால் இரைக்காக இல்லை, கோபத்துக்காகவே விரால் பாயும், கற்றுக்குட்டிக்கும் கிடைத்துவிடும். ஆன்லைனில் பீற்றிக்கொள்கிற பெரிய விரால் படங்களில் பல இப்படிப் பிடித்தவைதான் என்றார். காவலுக்கு இருப்பதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளைக் கெண்டையும் ஜிலேபியும் கொக்கும் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடும். தம்பி ராடைத் தோளில் சாய்த்துக்கொண்டு கலுங்குப் பக்கம் நடந்தார்.

அங்கே ஒரு விரால் பாய்ந்தது. இலை கிழிந்த சத்தம்தான் முதலில். ராடை உடனே வெட்டி இழுக்காமல், விரால் தவளையை வாய்க்குள் திருப்பும் வரை பொறுத்து, பிறகு இடுப்பிலிருந்து இழுத்தார். நூலைக் கொஞ்சமும் விடவில்லை. விட்டால் தண்டுக்குள் சுற்றிக்கொள்ளும். ஒன்றரைக் கிலோ இருக்கலாம். குறடால் முள்ளைக் கழற்றி, ஈரக்கையில் பிடித்து, ஓரத்தில் இறக்கிவிட்டார். ஆடு மேய்க்க வந்த அக்கா சிரித்தார். "விடுறதுக்கு எதுக்குய்யா பிடிக்கிற?" தம்பியிடம் பதில் இல்லை. வீட்டுக்கென்று எப்போதாவது ஒன்று எடுத்துப் போவாராம்.

இப்படி விடுகிற ஆளைத்தான் திருடன் என்று விரட்டுகிறார்கள். கண்மாயில் மீன்பாசி ஏலம் எடுத்தவரின் ஆட்கள் ஒரு முறை ராடைப் பிடுங்கிவைத்துக்கொண்டு காசு வாங்கியபின்தான் கொடுத்தார்களாம். சட்டப்படி மீன் குத்தகைக்காரருடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் குஞ்சு விடுவது கட்லா, ரோகு, மிர்கால். அந்தக் குஞ்சைத் தின்பதால் விரால் அவருக்குப் பகை. ஆனால் அறுவடை நாளில் அதிக விலைக்குப் போவதும் அதே விரால்தான். மதுரைச் சந்தையில் உயிர் விராலைக் கிலோ ஐநூறுக்குக் கீழே கேட்டால் மீன்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். மீனைச் சேர்த்துப் பிடிக்கத் தண்ணீர் குறைய வேண்டும். ஆயக்கட்டுக்காரனுக்கு ஒரு போகம் கரையேறத் தண்ணீர் நிற்க வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக மடை திறந்துகிடந்தது என்ற தகராறு வராத தாலுகா இந்த மாவட்டத்தில் உண்டா? 1895-இல் பெரியாறு அணையைக் கட்டி மலைக்கு அந்தப் பக்கம் போன தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினார்கள். அது மேலூர்க் கண்மாய் வரை வந்து சேர்ந்தபிறகு, யாரோ ஒருவருடைய லாபத்துக்காக வடிந்து ஓடுகிறது. மீன் வாங்குகிறவர் ஒருவர், எடை போடுகிறவர் ஒருவர், ஐஸ் வைக்கிறவர் ஒருவர் என்று கரையிலேயே கைமாறிவிடும். கண்மாய்க்கரை ஊர்க்காரர் அதே விராலைத் தின்ன டவுன் பஸ்ஸில் போக வேண்டும். ஐங்குறுநூற்றில் பாண்மகள் வராலைக் கொட்டிவிட்டு அதே வட்டி நிறையப் பழைய நெல் வாங்கிப் போகிறாள். நடுவில் ஏலதாரர் இல்லை. தூண்டில்காரனை யாரும் விரட்டாத தண்ணீர் மதுரையில் பொற்றாமரைக் குளம் ஒன்றுதான் போல. அதில் மீனே இருக்கக் கூடாது என்று நாரை வரம் வாங்கிவிட்டது.

திரும்பும்போது ரீல் கரகரவென்று சத்தம் போட்டது. கண்மாய் வண்டல் ஏறிவிட்டது, பாயிடம் காட்ட வேண்டும் என்றார். எந்த பாய், எங்கே என்று கேட்டுக்கொண்டே மறுநாள் கூடவே போனேன். உண்மையில் இந்தக் கட்டுரைக்கு நான் தேடிப் போயிருக்க வேண்டிய ஆள் அவர்தான்.

டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில், மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை. கண்ணாடிப் பெட்டிக்குள் வார்கள், பேட்டரி அட்டைகள். பாய்க்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பதினான்கு வயதில் உஸ்தாதிடம் சேர்ந்து, வாட்ச் வேலை படித்தவர். அது எச்.எம்.டி. காலம். 1961-இல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய ஆலை. மாப்பிள்ளைக்கு வாட்ச் போடாத கல்யாணம் இல்லை. சாவி கொடுக்கும் வாட்ச் என்றால் வருடத்துக்கு ஒரு தடவை பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டாக வேண்டும். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் சாப்பிடக்கூட நேரம் இருக்காதாம். பிறகு குவார்ட்ஸ் வந்தது, செல்போன் வந்தது. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்தபோது இவருடைய கடை ஏற்கெனவே மேஜையாகச் சுருங்கியிருந்தது. பேட்டரி மாற்றுவதற்கு உஸ்தாது எதற்கு?

பூ மார்க்கெட் தம்பிதான் முதல் ரீலைக் கொண்டுவந்திருக்கிறார். மூடியின் திருகாணி அவர் வைத்திருந்த திருப்புளிக்குச் சிக்கவில்லை. இப்போது சிவகாசி, திண்டுக்கல், ராமநாதபுரத்திலிருந்தெல்லாம் கூரியரில் வருகிறது. பாய் இதுவரை ஒரு மீன் பிடித்ததில்லை. சாப்பிடுவதும் அயிரை மட்டும்தான்.

ஐகிளாஸைக் கண்ணில் செருகிக்கொண்டு ரீலைப் பிரித்தார். கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணியில் பாகங்களை அடுக்கினார். நூலை இடமும் வலமுமாகப் பரப்பிவிட ஸ்பூலுக்கு முன்னால் ஒரு திருகுத்தண்டு இருக்கிறது. போவதற்கு ஒரு பள்ளம், வருவதற்கு ஒரு பள்ளம், இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. அதில் ஊர்ந்து, முனைக்கு வந்ததும் தானாகத் திரும்புவது நெல்லைவிடப் பெரிதில்லாத ஒரு பல். தேய்ந்திருந்தது. அந்தச் சீனக் கம்பெனிக்கு உதிரிபாகம் கிடைக்காது. பழைய சுவர்க் கடிகாரத்தின் பித்தளைத் துண்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி, நுனியைப் பிறை வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பள்ளத்தில் வைத்துப் பார்ப்பார், எடுப்பார், இரண்டு ராவு ராவுவார், மறுபடி வைப்பார். பேச்சு கிடையாது. ஸ்பூல் பேரிங் மட்டும் வெளியில் வாங்கியது: துளை 3 மி.மீ., வெளிவட்டம் 10, தடிமன் 4. பேரிங்குக்கு எண்ணெய், பல்சக்கரத்துக்கு கிரீஸ். கண்மாய்க்காரப் பையன்கள் எல்லாவற்றிலும் கிரீஸை அப்பிக்கொண்டு வருகிறார்கள் என்று சலித்துக்கொண்டார்.

பக்க மூடியின் உட்புறத்தில் வட்டமாகக் காந்தப் பொட்டுகள். "இது என்னன்னு தெரியுதா சார்? பழைய கரண்ட் மீட்டர்ல அலுமினியத் தட்டு சுத்துமே, அதோட ஓரத்துல காந்தம் இருக்கும்ல, அதே வேல." ஸ்பூலும் அலுமினியம்தான். காந்தம் அதைத் தொடுவதில்லை. ஸ்பூல் சுழலச் சுழல அலுமினியத்துக்குள் மின்னோட்டம் உண்டாகி, அதுவே சுழற்சியை எதிர்த்துப் பிடிக்கிறது. வேகம் கூடினால் பிடியும் கூடும். கண்மாய்க்கரையில் எனக்குப் புரியாத 'தொட்டும் தொடாம' என்பதை அந்த மூடியைத் திருப்பிக் காட்டிய நிமிடத்தில் விளங்கிக்கொண்டேன். காந்தம் பாதி வேலை பார்க்கும், மீதி விரலுக்கு.

எனக்குத் தெரிந்ததை நானும் சொன்னேன். பாஸ் மீனுக்கு இந்த மாதிரி ரீலை முதலில் செய்தவராகச் சொல்லப்படும் ஜார்ஜ் ஸ்னைடர், இருநூறு வருடத்துக்கு முன் கென்டக்கியில் வாட்ச் வேலை பார்த்தவர். உலகம் பூராவும் பேர் வாங்கிய ஆபு ரீல் கம்பெனி 1921-இல் ஸ்வீடனில் வாட்ச் ஆலையாகத்தான் தொடங்கியது; பிறகு டாக்ஸி மீட்டர் செய்து, உலகப்போரில் டாக்ஸி ஓடாமல் போனதும் ரீலுக்கு மாறியது. பாய் அரத்தைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டார். "ஆட்டோ மீட்டர் நானும் ரிப்பேர் பாக்கப் படிச்சேன் சார். மதுரைல எவன் மீட்டர் போட்டான், அது ரிப்பேர் ஆகுறதுக்கு?"

ரீல் சத்தமில்லாமல் சுற்றியது. தம்பி அதைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சிவகாசிப் பார்சலைப் பாய் பிரித்தார். உள்ளே துண்டுச்சீட்டு: எவ்வளவு டைட் வைத்தாலும் சிக்கு விழுகிறது, உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. பாய் மூடியைத் திறக்கவே இல்லை. ஸ்பூலைப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"விளிம்பு வரைக்கும் நூல நெறச்சு வச்சிருக்கான். கொஞ்சம் உருவிட்டு அனுப்புனா ஓடும்."

கூலி எவ்வளவு போடுவீர்கள் என்று தம்பி கேட்டார். கூரியர் காசு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு, எங்களிடம் நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.