அடியும் அடியும்

பழைய காரின் அடித்தகட்டில் ஒடுக்கு விழுவதற்குக் காரணங்கள் மூன்று: உயரமான வேகத்தடை, தோட்டத்துப் பாதையில் தலைதூக்கி நிற்கும் கல், இடம் தவறி முட்டுக்கொடுத்த ஜாக்கி. கடைசியில் சொன்னது பழுது பார்க்க வந்த கையாலேயே நேர்வது என்பதால் அதற்கு வெட்கம் சற்றுக் கூடுதல்.

எல்லாக் காருக்கும் அடித்தகடு ஒன்றல்ல. வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. உடல் அதன்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடருக்கு அப்படியில்லை. உடல் தகடுகளே அதன் எலும்பு. கால் வைக்கும் இடம் என்று நினைக்கப்படும் தகடு அங்கே பாரமும் சுமக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமே உள்ள தகடு அந்தப் பாரத்தைத் தாங்குவதற்குக் காரணம், அதில் வரிவரியாக அழுத்தியிருக்கும் மேடுகள். விசிறிபோல் மடித்த காகிதம் விறைத்து நிற்பதும் இதே கணக்கில்தான். மேடு நசுங்கினால் விறைப்பும் போகும்.

திருப்பூர் மாவட்டத்துக் கொமரலிங்கம் பக்கத்தில் ஒடுக்கு எடுக்கும் வேலையைப் புரிந்துகொள்ளக் காரே தேவையில்லை. திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையம், பனியனுக்குப் பேர்போன ஊரின் அருகே பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். பித்தளைக் குடம் கிணற்றுச் சுவரில் மோதி வயிறு உள்வாங்கினால், அதைத் தூக்கி எறிகிற வழக்கம் வீடுகளில் இருந்ததில்லை. ஒடுக்கு எடுப்பவர் தெருவில் குரல் கொடுக்கும்வரை அது பரணில் காத்திருக்கும். வாய் குறுகிய குடத்துக்குள் சுத்தி நுழையாது. தரையில் ஊன்றிய, நுனி உருண்ட இரும்புக் கம்பியில் குடத்தைக் கவிழ்த்து மாட்டி, உள்ளே நுனியை ஒடுக்கின்மேல் அழுத்தி, வெளியே அதன் கரையைத் தட்டிக்கொண்டே குடத்தைச் சுழற்ற வேண்டும். நடுக்குழியில் நேராக ஓங்கி அடிப்பவர் கற்றுக்குட்டி. கரை தளர்ந்தால் குழி தானாகவே எழும்பி வரும். சீர்வரிசையில் வந்த குடமானால் புள்ளிபுள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். அந்த எழுத்தின்மேல் சுத்தி படாமல் சுற்றிப் போவது தொழில் மரியாதை. வேலை முடிந்ததைக் கண்ணைவிடக் காது முன்னே சொல்லும். 'டப்' என்று கேட்ட இடம் 'டங்' என்று கேட்டால் கூலி வாங்கிக்கொள்ளலாம்.

டிங்கர் பட்டறையின் முறையும் இதுவே. முதலில் இருக்கை, கம்பளம், தகட்டில் ஒட்டிய தார்ப்படலம் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். பேட்டரி இணைப்பையும், அடியில் ஓடும் பெட்ரோல், பிரேக் குழாய்களையும் கழற்றுவது அடுத்தது. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்கக் கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். பிறகு திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்கினால் அது துரு. தட்டி நிமிர்த்த அங்கே தகடே இல்லை. அழுகிய பகுதியை வெட்டி, புதுத் துண்டை விட்டுவிட்டுச் சிறுபொட்டுகளாக வெல்டிங் வைத்து இணைக்க வேண்டும். ஒரே இழுப்பில் வைத்தால் சூட்டில் தகடு கோணும்.

தகடு நலமாக இருந்தால் ஒரு பக்கம் டாலி என்னும் தாங்கு இரும்பு, மறுபக்கம் சுத்தி. ஒடுக்கு விழுந்த வரிசைக்கு எதிர்வரிசையில் அதை எடுக்க வேண்டும். கடைசியில் மடிந்த ஓரம் முதலில், முதலில் அடிபட்ட நடு கடைசியில். டாலி பள்ளத்தைத் தாங்க, சுத்தி பக்கத்து மேட்டில் விழ வேண்டும். டாலியின் நேர்மேலேயே அடித்துக்கொண்டிருந்தால் தகடு மெலிந்து விரியும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்ற பழமொழி அம்மிக்குச் சரி, தகட்டுக்குப் பொருந்தாது. விரிந்த தகடு கால் பட்டதும் எண்ணெய் டின்போல் 'டொக்' என்று அமுங்கி எழும். அதைச் சுருக்க, நாணய அளவுக்கும் சிறிய வட்டத்தைச் சிவக்கக் காய்ச்சி, மெல்லத் தட்டி, ஈரத்துணியால் குளிரவைப்பார்கள். இருக்கைத் துளைகள் பொருந்துகின்றனவா, கதவு இடுக்கு இரு பக்கமும் சமமா என்று அளந்த பிறகே துருத்தடுப்புப் பூச்சு.

ஜி.டி. நாயுடு 1920-இல் முதல் பஸ்ஸை ஓட்டிய பொள்ளாச்சி – பழனிச் சாலை கொமரலிங்கத்துக்கு அருகில்தான் போகிறது. அவர் பெயர் தாங்கிய கார் காட்சியகம் கோயம்புத்தூரில் இருக்கிறது. காட்சிக்கு நிற்கும் காரில் பார்ப்பவர் கண் பெயிண்டிலும் குரோமிலும் நிற்கும். அடித்தகட்டைக் குனிந்து பார்ப்பவர் அரிது. ஒடுக்கின்மேல் பட்டியை அப்பி, கம்பளத்தை விரித்துக் கொடுக்கும் துணிச்சல் பிறப்பது அந்த இடத்தில்தான். பட்டி பள்ளத்தை நிரப்பும், பாரத்தைச் சுமக்காது. வெடித்த பட்டிக்கடியில் ஈரம் தங்கும், ஈரத்தில் துரு பிடிக்கும். பழைய கார் வாங்குபவர் முதலில் தூக்கிப் பார்க்க வேண்டியது பானட்டை அல்ல, கால்மிதியை.