எமன் பொண்டாட்டி பேரு

எங்க மேலகரத்துல விளக்கு வச்ச நேரத்தில் 'ஐயோ' என்றால் பெரியவங்க அதட்டுவாங்க: "அது எமன் பொண்டாட்டி பேருல்லா!" அதனால் 'ஏ யாத்தீ', 'யம்மா'தான்.

ஹாங்காங்கில் கான்டனீஸ் பேசுபவர்கள் இந்த இடத்தில் 'ஐயா' என்பார்கள் (நம்ம மரியாதை ஐயா இல்லை). 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ஐயோ, ஐயா இரண்டையும் சேர்த்துக்கொண்டது. எமன் பொண்டாட்டிக்கு வந்த வாழ்வைப் பாருங்க!

குற்றாலத்தில்தான் சிக்கல். தண்ணி சில்லுனு தலையில் விழுந்தாலே எல்லாரும் சந்தோஷமா 'ஐயோ, அம்மா'ன்னு கத்துவாங்க. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயசுப் பையனை இழுத்துக்கொண்டு போனது. குளிருக்குக் கத்துவதையும் உசுருக்குக் கத்துவதையும் அந்த இரைச்சலில் எப்படிப் பிரிப்பது?

இப்பல்லாம் அருவியில் யார் 'ஐயோ' என்றாலும் நான் முதலில் மேலே தண்ணியைத்தான் பார்க்கிறேன்.