ரிவர்சைடில் இல்லாத பூங்கா

நியூயார்க்கின் ரிவர்சைடு பூங்காவில் 101ஆம் தெருவுக்கும் 105ஆம் தெருவுக்கும் நடுவே பார்க்க விசேஷமாக ஒன்றும் கிடையாது. சரிவான புல்வெளி, பெரிய மரங்கள், கீழே ஹட்சன் ஆறு. நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் அம்மாக்கள். 1ஆம் எண் சுரங்க ரயிலில் 103ஆம் தெருவில் இறங்கி மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் வந்துவிடலாம். எந்தச் சுற்றுலாக் கையேடும் உங்களை இங்கே அனுப்பாது. நான் இல்லாத ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன்.

இல்லாதது ஒரு குழந்தைகள் விளையாட்டுத் திடல். சிற்பி இசாமு நொகுச்சியும் கட்டடக் கலைஞர் லூயி கானும் 1961இல் தொடங்கி ஐந்து வருடம் அதற்காக மல்லுக்கட்டினார்கள். கானை நமக்குத் தெரியும். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் செங்கல் சுவரில் பெரிய பெரிய வட்டங்களைத் திறந்துவிட்டவர். அந்த வேலை நடந்த அதே வருடங்களில்தான் இங்கே சறுக்குமரத்துக்கும் மணல் தொட்டிக்கும் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ஊஞ்சலையும் இரும்புக் கம்பிகளையும் நட்டு வேலி போடும் வழக்கமான திடல் வேண்டாம், நிலத்தையே மேடாகவும் பள்ளமாகவும் படிகளாகவும் வடித்துவிடலாம், பிள்ளைகள் இஷ்டம்போல ஏறி இறங்கட்டும் என்பது நொகுச்சியின் யோசனை. ஐந்து முறை மாற்றி மாற்றி வரைந்து கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள், வழக்கும் போட்டார்கள். 1966இல் புதிதாக வந்த மேயர் ஜான் லிண்ட்சே திட்டத்தையே கைவிட்டார்.

சரிவில் நின்று கைப்பேசியைத் திறந்து அந்தத் திட்டத்தின் மாதிரிகளுடைய பழைய புகைப்படங்களைப் பார்த்தேன். படிகளோடு ஒரு பிரமிடு, அரைவட்ட அரங்கு, மேட்டின் வயிற்றிலிருந்து இறங்கும் சறுக்கு. படத்தையும் நிலத்தையும் மாறி மாறிப் பார்த்தால் எது எங்கே வந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். எனக்கு அது ஒரு சிற்பத்தைப் பார்த்த நிறைவைத் தந்தது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது.

இந்தப் படங்கள் என் கைக்கு வந்ததற்குக் காரணம் நொகுச்சி அருங்காட்சியகத்தின் ஆவணக்காப்பகம். அவருடைய கடிதங்கள், திட்டக் கோப்புகள், கட்டுரைப் பிரதிகள், வரைபடங்கள், புகைப்படங்கள் என்று சுமார் 60,000 உருப்படிகளை 2019இல் கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். ஊரில் இருக்கும்போதே ராத்திரி நேரங்களில் அதற்குள் மேய்ந்திருந்தேன். அமெரிக்கா போனதும் அந்தக் காகிதங்கள் சொல்லும் இடங்களையெல்லாம் நேரில் பார்ப்பது என்று திட்டம். எடிசன் என்ற ஊரில் இருக்கும் தங்கைக்கு இது பிடிபடவே இல்லை. "ஏண்ணா, சுதந்திர தேவி சிலைக்கு டிக்கெட் போடறேன்னு சொன்னா வேண்டாங்கறீங்க. கட்டாம விட்ட பார்க்கைப் பார்க்கப் போறேங்கறீங்க. ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள்.

நொகுச்சி 1904இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். அம்மா லியோனி கில்மோர் அமெரிக்க எழுத்தாளர். அப்பா யோனே நொகுச்சி ஜப்பானியக் கவிஞர். சீனா மீது ஜப்பான் தொடுத்த போரை நியாயப்படுத்தி 1938இல் தாகூருக்குக் கடிதம் எழுதி, அவரிடம் காட்டமான பதில் வாங்கிக் கட்டிக்கொண்டாரே, அவர்தான். மகனுக்கும் அவர் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பாரிசிலிருந்து ஜப்பானுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகனிடம், என் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு இங்கே வராதே என்று சொன்ன கடிதம். மகன் நேரே ஜப்பான் போகாமல் பெய்ஜிங்கில் இறங்கி, சில மாதங்கள் தங்கி, சீ பைஷி என்ற முதிய ஓவியரிடம் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொண்டார். அப்பா கதவைச் சாத்தியதால் பிறந்த அந்த மை ஓவியங்கள் அருமையானவை. அதற்காக அந்த அப்பாவை நான் மன்னிப்பதாக இல்லை.

ஒருவருடைய கடிதப் போக்குவரத்தைத் தேடிப் போகிறவர்கள் சீக்கிரமே ஒன்றைப் புரிந்துகொள்வார்கள். எழுதிய கடிதம் எழுதியவரிடம் இருக்காது, வாங்கியவரிடம் போய்விடும். 1936இல் மெக்சிகோ நகரத்தின் ஒரு சந்தைக் கட்டடத்தில் நொகுச்சி நீளமான சுவர்ச் சிற்பம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அதில் ஐன்ஸ்டீனின் சூத்திரத்தைப் பொறிக்க நினைத்தபோது அது சரியாக ஞாபகத்துக்கு வரவில்லை. நண்பர் பக்மின்ஸ்டர் ஃபுல்லருக்குத் தந்தி அடித்தார். ஃபுல்லரோ சூத்திரத்தோடு அதன் விளக்கத்தையும் சேர்த்துத் தந்தியிலேயே அனுப்பிவிட்டார். வார்த்தைக்கு வார்த்தை காசு வாங்கிய காலத்தில்! அந்த ஃபுல்லரின் காகிதங்கள் இப்போது கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில். நொகுச்சி யாருக்காக ஆண்டுக்கணக்கில் நாட்டிய மேடைகளை வடிவமைத்தாரோ அந்த மார்த்தா கிரகாமின் தொகுப்பு வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில். ரிவர்சைடு திடலுக்காக லூயி கான் வரைந்தவை பிலடெல்பியாவில். ஒரு மனிதரின் பேச்சு இப்படி நான்கு ஊரில் பாதி பாதியாகக் கிடக்கிறது.

அரிசோனாவுக்கு என்னால் போக முடியவில்லை. ஆனால் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தவை அங்கே உருவான காகிதங்கள்தான். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவால், மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். நியூயார்க்வாசியான நொகுச்சியை அந்த உத்தரவு தொடவில்லை. இருந்தும் அவர் தானாகவே போனார். அரிசோனாவின் போஸ்டன் முகாம் பாலைவனத்தில், கொலராடோ ஆற்றங்கரைப் பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலத்தில் இருந்தது. பழங்குடியினர் துறையின் ஆணையர் ஜான் காலியர் அங்கே ஒரு நல்ல ஊரையே உருவாக்கிவிடலாம் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை நொகுச்சியும் வாங்கிக்கொண்டு, 1942 மே மாதம் முகாமுக்குள் நுழைந்தார்.

முகாமின் பூங்காவுக்கும் பொழுதுபோக்கு இடங்களுக்கும் அவர் வரைந்த திட்டம் இன்றும் இருக்கிறது. நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயில், தார்க் காகிதம் போர்த்திய நீள நீளமான மரக் கொட்டகைகள், எந்நேரமும் புழுதி. அதன் நடுவே ஒருவர் உட்கார்ந்து நீச்சல் குளத்துக்கும் பேஸ்பால் மைதானத்துக்கும் இடம் குறிக்கிறார். இடுகாட்டுக்கும் சேர்த்துத்தான். முகாமை நடத்திய போர்க்கால அதிகாரிகளுக்கு இதில் எதையும் கட்டித்தரும் எண்ணமே இல்லை. அவர்களுக்கு இவர் வெளியிலிருந்து வந்து தொல்லை கொடுப்பவர். முகாம்வாசிகளுக்கோ, விரும்பி உள்ளே வந்தவர் என்பதாலேயே, நிர்வாகத்தின் ஆளோ என்று சந்தேகம். இரண்டு பக்கமும் ஒட்டாமல் போனதும் வெளியே போக அனுமதி கேட்டார். உள்ளே போகக் கையெழுத்துப் போட்டால் போதுமாக இருந்தது. வெளியே வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. தற்காலிக விடுப்பு என்ற பெயரில் நவம்பரில்தான் விட்டார்கள். அவர் திரும்பிப் போகவில்லை.

காத்திருந்த நாட்களில் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகைக்காக, தான் ஒரு 'நிசெய்' ஆன கதையை எழுதினார். குடியேறிய ஜப்பானியர்களுக்கு அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள்தான் நிசெய். பத்திரிகை அதைப் போடவில்லை. தட்டச்சுப் பிரதி அவருடைய காகிதங்களில் தங்கிவிட்டது. ராக்ஃபெல்லர் சென்டரில் பழைய அசோசியேட்டட் பிரஸ் கட்டடத்தின் வாசலுக்கு மேலே அவர் 1940இல் முடித்த 'நியூஸ்' சிற்பம் இருக்கிறது. டன் கணக்கில் எவர்சில்வரை உருக்கி வார்த்தது. குறிப்பேடு, கேமரா, தொலைபேசி, டெலிடைப், கம்பிவழிப் புகைப்படக் கருவி என்று ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு ஐந்து செய்தியாளர்கள் பாய்ந்து வருகிறார்கள். பத்திரிகைத் தொழிலுக்கு இப்படி ஒரு முகப்பைச் செய்து கொடுத்தவரின் கட்டுரைக்கு இரண்டே வருடத்தில் பத்திரிகையில் இடமில்லாமல் போயிற்று. கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது எனக்கு வந்தது எரிச்சல்தான்.

இந்தியாவோடு அவருக்கு இருந்த உறவும் ஒரு விண்ணப்பத்தில்தான் தொடங்குகிறது. 1927இல் கூகன்ஹைம் உதவித்தொகைக்கு மனுப்போட்டபோதே பாரிசுக்குப் பிறகு இந்தியாவுக்கும் போக வேண்டும் என்று எழுதியிருந்தார். பாரிசில் சிற்பி பிரான்குசியின் பட்டறையில் கல் தேய்க்கப் பழகினார், இந்தியா கைகூடவில்லை. வந்து சேர்ந்தது 1949இல், போலிங்கன் அறக்கட்டளையின் பணத்தில். மனிதர்கள் ஓய்வு நேரத்தை எப்படிப்பட்ட இடங்களில் கழிக்கிறார்கள் என்பதுதான் ஆய்வுப் பொருள். ஐரோப்பாவில் தொடங்கி எகிப்து, இந்தியா, இலங்கை, இந்தோனேசியா என்று கேமராவோடு சுற்றினார். புத்தகம் எழுதுவதாகச் சொல்லியிருந்தார், அது வெளிவரவே இல்லை. புகைப்படங்கள் இருக்கின்றன. டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் உள்ள ஜந்தர் மந்தர்களை அவர் எடுத்த விதத்தைப் பார்த்தால், நட்சத்திரமும் நேரமும் அவருக்கு இரண்டாம் பட்சம் என்று தெரிகிறது. வானத்தைப் பார்த்து ஏறும் படி, வளைந்த சுவர், அதன் நிழல் என்று கண் அங்கேயேதான் நிற்கிறது. மன்னர் சவாய் ஜெய்சிங் இந்த யந்திரங்களை வானியலுக்காகக் கட்டினார். இவர் அதில் சறுக்குமரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1986 வெனிஸ் கலைவிழாவின் அமெரிக்க அரங்குக்கு அவர் வெள்ளைப் பளிங்கில் பிள்ளைகள் ஏறிச் சறுக்கும் சுழல்படி ஒன்றைச் செய்தார். பெயர் 'ஸ்லைடு மந்த்ரா'. அதன் மூலம் ஜந்தர் மந்தர்தான். அந்தச் சறுக்கு இப்போது மயாமியில் கடலோரப் பூங்கா ஒன்றில் இருக்கிறது.

கட்டாமல் போனவற்றின் வரிசை நீளம். 1933இல் நியூயார்க் பிள்ளைகளுக்காக ஒரு மலையையே திடலாக வடிவமைத்து, பிளாஸ்டரில் மாதிரி செய்து, பிறகு நகரப் பூங்காக்களை ஆண்ட ராபர்ட் மோசஸிடம் கொண்டுபோனார். மோசஸ் சிரித்து அனுப்பிவிட்டார். ஐ.நா. தலைமையகத்துக்குப் பக்கத்தில் ஒரு திடல் போட 1950களின் தொடக்கத்தில் திட்டம் வந்தது. அதையும் மோசஸ் நிறுத்தினார். ஹிரோஷிமாவில் அமைதிப் பூங்காவை ஒட்டிய இரண்டு பாலங்களின் கைப்பிடிச் சுவர்களை இவரைச் செய்யவிட்டார்கள். அணுகுண்டில் மாண்டவர்களின் நினைவுச்சின்னத்துக்கு இவர் கொடுத்த வடிவத்தை மட்டும், அமெரிக்கர் என்பதால், 1952இல் நிராகரித்தார்கள். அமெரிக்காவில் ஜப்பானியர், ஜப்பானில் அமெரிக்கர். பத்து வருட இடைவெளியில் இரண்டு நாடும் ஒரே மனிதரை எதிரெதிர்க் காரணம் சொல்லி ஒதுக்கியதற்கு அவருடைய பெட்டியில் இருக்கும் காகிதங்களே சாட்சி.

கடைசியில் குயின்ஸுக்குப் போனேன். 1961இல் நொகுச்சி பட்டறை போட்ட லாங் ஐலண்ட் சிட்டியில், பட்டறைக்கு எதிர்ப்பக்கத்தில் செங்கல்லால் கட்டிய பழைய தொழிற்சாலையை வாங்கி, 1985இல் அவரே திறந்த அருங்காட்சியகம் அது. தோட்டத்தில் 'கிணறு' என்றொரு பசால்ட் கல் இருக்கிறது. மேற்பகுதியை வெட்டிக் குழித்திருக்கிறார். குழி நிறைந்து தண்ணீர் விளிம்பைத் தாண்டி, கல்லின் பக்கங்களில் தோல் போல ஒட்டிக்கொண்டு இறங்குகிறது. சொட்டுச் சத்தம்கூட இல்லை. தண்ணீர் ஓடுகிறது என்பதையே விரலை வைத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும் போலிருந்தது. காவலர் நின்றதால் வைக்கவில்லை. உள்ளே கிரானைட்டும் பளிங்குமாக உலகத்தரமான வேலைப்பாடுகள். ஆனால் அங்கே தெரியும் நொகுச்சி எடுத்ததையெல்லாம் முடித்தவர், எல்லோரும் தலைவணங்கியவர். அவருடைய காகிதங்களைப் படிக்காமல் இந்தக் கற்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதி மனிதரைத்தான் பார்த்திருக்கிறோம் என்பது என் கட்சி. கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் போனவர், போன யோசனையை மடித்து வைத்து அடுத்த ஊரில் மறுபடி விரித்தவர், கோப்புகளில்தான் இருக்கிறார்.

அப்படி விரித்ததில் சில பலித்தன. அமெரிக்காவில் அவர் திட்டப்படி ஒரு விளையாட்டுத் திடல் முதன்முதலாக 1976இல், அட்லாண்டாவில், அமைந்தது. 1988இல் ஜப்பானின் சப்போரோ நகரம் குப்பை கொட்டிவந்த மொயெரெனுமா நிலத்தைப் பூங்காவாக்க அவரை அழைத்தது. திட்டத்தை வரைந்து கொடுத்துவிட்டு அந்த வருடம் டிசம்பர் 30ஆம் தேதி, 84 வயதில், நியூயார்க்கில் இறந்துபோனார். மற்றவர்கள் அதைப் பின்பற்றி 2005இல் கட்டி முடித்தார்கள். அதில் 30 மீட்டர் உயரத்துக்குப் படிகளோடு ஒரு மேடு இருக்கிறது. பெயர் 'விளையாட்டு மலை'. மோசஸ் சிரித்த அந்த 1933ஆம் வருட மாதிரிக்கும் அதே பெயர்தான்.

நியூயார்க் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அருங்காட்சியகம் புதன் முதல் ஞாயிறு வரை திறந்திருக்கும். என் அல்லது டபிள்யூ ரயிலில் ஏறி, குயின்ஸில் பிராட்வே நிறுத்தத்தில் இறங்கி ஆற்றைப் பார்த்து நடக்க வேண்டும். போவதற்கு முன்னால் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, வீட்டில் உட்கார்ந்தபடியே அந்த ஆவணங்களைப் புரட்டிவிடுங்கள், காசு கிடையாது. தரைத்தளத்தில் அவர் வைத்துவிட்டுப் போன சிற்பங்களுக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை கிடையாது. ஒன்றும் தெரியாமல் போனால், நல்ல கல்லெல்லாம் பார்த்தோம் என்று சொல்லிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடுவீர்கள்.